உறை கிழிந்த வேப் பேட்டரி: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

கழற்றி மாட்டும் பேட்டரி போடுகிற வேப் (மின்சிகரெட்) கருவிகளுக்கான வழிமுறை இது, மலேசியாவில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. பெரும்பாலும் 18650, அதாவது 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள செல். 21 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. நீளமும் உள்ள 21700 செல்லுக்கும் எல்லாம் பொருந்தும். உள்ளேயே பேட்டரி வைத்து மூடிய பாட் கருவிகளைப் பற்றித் தனியாகக் கொஞ்சம் சொல்லியிருக்கிறோம். கையில் இருக்கும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் 'செல்லில் எது நேர், எது எதிர்' என்ற பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். மற்ற எல்லாமே அதை வைத்துத்தான் நிற்கிறது.

சுடுகிறது, சீறுகிறது, புகைகிறது

கையில் இருந்தால் உடனே கீழே வைத்துவிட்டு விலகுங்கள். பேன்ட் பையில் சுட்டால் கையை விட்டுத் துழாவ வேண்டாம், பேன்டையே கழற்றுங்கள். நடு ரோட்டில் நின்றாலும் கழற்றத்தான் வேண்டும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை தொகுத்த 195 மின்சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களில் 61, கருவியோ உதிரிப் பேட்டரியோ பையில் கிடந்தபோது நடந்தவை.

சிமெண்டுத் தரை, டைல்ஸ் தரை நல்லது. மெத்தை, சோபா, கார் சீட் கூடவே கூடாது. கொண்டோவிலோ பிபிஆர் (அரசு மலிவு வீடு) அடுக்குமாடியிலோ இருப்பவர்கள் சீறும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்கு ஓட வேண்டாம். லிஃப்டுக்குள் அது பற்றினால் உங்களுக்கு ஒதுங்க இடமிருக்காது. பால்கனித் தரையில் வையுங்கள். பால்கனி இல்லையென்றால் குளியலறைத் தரையில் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வாருங்கள். சார்ஜரில் இருக்கும்போது புகைந்தால் முதலில் சுவர் சுவிட்சை அணையுங்கள், எட்டினால் மட்டும்.

தண்ணீர் ஊற்றலாமா என்று பலரும் தயங்குகிறார்கள். தண்ணீரோடு சேர்ந்தால் எரிவது லித்தியம் உலோகம். லித்தியம் அயன் செல்லுக்குத் தேவை குளிர்ச்சி, அதைத் தருவது தண்ணீர்தான். நிறைய ஊற்றுங்கள். உலர்தூள் அணைப்பான் சுடரை அடக்கும், ஆனால் செல்லைக் குளிர்விக்காது. சிறிது நேரத்தில் மறுபடியும் பற்றலாம். தீ பக்கத்துப் பொருளுக்குத் தாவினால் 999க்கு அழைத்து பொம்பாவை, அதாவது தீயணைப்புப் படையைக் கேளுங்கள், நீங்கள் வெளியேறுங்கள். அந்தப் புகையை மூச்சில் வாங்க வேண்டாம். செல்லுக்குள் இருக்கும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் புளோரைடாக மாறும். அது நுரையீரலை அரிக்கும்.

சுட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, கிச்சாப் எதையும் தடவ வேண்டாம். மருத்துவமனை அவசரப் பிரிவில் 'பேட்டரி வெடித்த காயம்' என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். நெருப்புக் காயத்தோடு காரத்தால் உண்டாகும் ரசாயனக் காயமும் இருக்கக்கூடும். அது தெரிந்தால்தான் மருத்துவர் அதற்கேற்ப சோதித்துக் கழுவுவார்.

ஒருமுறை சீறி அடங்கிய செல் இறந்த செல். ஆறிவிட்டது என்று எடுத்து மறுபடியும் போடாதீர்கள். ஒரு நாள் முழுக்க வெளியே, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாமல் கிடக்கட்டும்.

செல்லில் எது நேர், எது எதிர்

பேட்டரியை நிமிர்த்தி, மேல்முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் சற்றே உயர்ந்த உலோக மூடி தெரியும். அதன் ஓரத்தில் மூன்றோ நான்கோ சின்னத் திறப்புகள், உள்ளே அழுத்தம் ஏறினால் வாயு வெளியேறும் வழி. அந்த மூடிதான் நேர்முனை. அதைச் சுற்றிக் காகிதத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஒரு வளையம், பெரும்பாலும் வெள்ளை. வளையத்தின் விளிம்பைக் கவ்விக்கொண்டு வண்ண உறை மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குக் கீழே செல்லின் எஃகு உருளை உள்பக்கமாக வளைந்து நிற்கிறது.

அந்த உருளை முழுவதும் எதிர்முனை. தட்டையான அடிப்பாகம் மட்டும்தான் எதிர்முனை என்று நினைப்பதால்தான் பல விபத்துகள் நேர்கின்றன. அடியிலிருந்து மேல்விளிம்பு வரை எங்கே தொட்டாலும் எதிர்முனைதான். நேர்முனை மூடிக்கும் அந்த விளிம்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஓர் அரிசிமணியின் குறுக்களவு. அதைக் காப்பது ஒரு காகித வளையமும், தாள் பருமனே உள்ள பிவிசி உறையும்தான்.

முழுசாகச் சார்ஜ் ஆன செல் 4.2 வோல்ட். அதன் உள்தடை ஓம் கணக்கில் ஒன்றுமே இல்லாத அளவு. நேரும் எதிரும் உலோகத்தால் நேராகச் சேர்ந்தால் நூறு ஆம்பியருக்கு மேல் பாயும். நம் வீட்டு மூன்று முனை பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியருக்குத்தான். வேப்புக்குப் பயன்படும் இந்தச் செல்களில் தனிக் காப்புச் சுற்றும் கிடையாது, லேப்டாப் பேட்டரிக்கு இருப்பதுபோல.

உறையில் கிழிசல், கீறல், தூக்கி நிற்கும் விளிம்பு

எங்கே கிழிந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

மேல்விளிம்பில் உறை பிய்ந்து உலோகம் பளபளத்தால், அல்லது வெள்ளை வளையம் நகர்ந்தோ கருகியோ காணாமலோ போயிருந்தால், அந்த நிமிடத்திலிருந்து அந்த செல்லைப் பயன்படுத்த வேண்டாம். கருவியின் நேர்முனைத் தகடு கொஞ்சம் அகலமாக இருந்தாலே போதும், மூடியையும் விளிம்பையும் ஒன்றாகத் தொட்டுவிடும். சார்ஜரில் சாய்த்துப் போட்டாலும் அதே கதை.

பக்கவாட்டில் கிழிந்திருந்தால் ஆபத்து கருவியைப் பொறுத்து மாறும். ஒற்றைப் பேட்டரி மோடுகள் (பேட்டரியும் பொத்தானும் உள்ள வேப் உடல்) பலவற்றில் உலோக உடல் எதிர்முனையோடுதான் சேர்ந்திருக்கும். உறை கிழிந்து உருளை உடலைத் தொட்டாலும் வெளியே எதுவும் தெரியாது. கருவி வழக்கம்போல வேலை செய்யும். 'கிழிந்துதான் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே' என்ற நம்பிக்கை இங்கேதான் பிறக்கிறது. அதே செல்லை இரட்டைப் பேட்டரி மோடில் போட்டுப் பாருங்கள். தொடர் இணைப்பில் முதல் செல்லின் நேர்முனை இரண்டாவது செல்லின் அடியைத் தொடுகிறது. ஆகவே இரண்டாவது செல்லின் உருளை முழுக்க 4.2 வோல்ட்டில் நிற்கும், கருவியின் உடலோ சுழியத்தில். கிழிந்த இடம் உடலைத் தொட்டால் முதல் செல் நேராக ஷார்ட் ஆகிறது. உறை கிழிந்தது ஒரு செல்லில், எரிவது பக்கத்துச் செல். கிழியாத செல் ஏன் கருகியது என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான்.

அடிவிளிம்பில் உறை கொஞ்சம் பிரிந்திருந்தால் மின்கணக்கில் உடனடி ஆபத்து குறைவு. ஆனால் பிரிந்த உறை ஒவ்வொரு முறை செருகும்போதும் மேலே ஏறும். அந்த வாரத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளை இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்க்கலாம். டிசி வோல்ட்டில் 20 வரம்பில் வையுங்கள். சிவப்பு முனையை நேர்முனை மூடியின் நடுவில் ஊன்றுங்கள், விளிம்புப் பக்கம் சரியவே கூடாது. கறுப்பு முனையை உறையின் மேல் மெல்லத் தடவிக்கொண்டு போங்கள். உறை நன்றாக இருந்தால் மீட்டர் நிலையான எண் எதையும் காட்டாது. ஏதாவது ஓர் இடத்தில் 3 முதல் 4 வோல்ட் வரை எண் நிலைத்து நின்றால் அங்கே துளை. மேல்விளிம்பைச் சுற்றி வரும்போது கறுப்பு முனை மூடியைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலோடேப் ஒட்டுவது தீர்வாகாது. சூட்டில் பசை இளகி நகரும், பருமன் கூடி கருவிக்குள் சிக்கும், பிடுங்கி எடுக்கும்போது மிச்ச உறையையும் உரித்துக்கொண்டு வரும். நகப்பூச்சும் அப்படியே.

இனி உறை மாற்றக்கூடாத செல்கள். இதில் நாங்கள் கறாராகவே இருக்கிறோம். உருளையில் நகம் தட்டுப்படும் அளவுக்கு நெளிவு இருந்தால் தூக்கிப் போடுங்கள். உள்ளே நேர், எதிர்த் தகடுகளைப் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். நடுவே இருப்பது சுமார் 20 மைக்ரான் பிளாஸ்டிக் சவ்வு. வெளியே சின்ன நெளிவு, உள்ளே அந்தச் சவ்வு எப்படி இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. உறை பழுப்பேறியோ உருகியோ இருந்தால் செல் ஏற்கெனவே அளவு மீறிச் சுட்டிருக்கிறது. மேல்விளிம்பில் துரு, பிசுபிசுப்பு இருந்தாலும் வேண்டாம். பினாங்கில் கடலோரத்தில் இருப்பவர்கள் துருவைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். உறை கிழிந்த இடத்தில் உப்புக்காற்று எஃகைச் சீக்கிரம் தின்னும்.

உறை மாற்றுவது

தேவையானவை: 18650க்கு என்று வெட்டி விற்கும் சுருங்கு உறை, தட்டையாக வைத்தால் அகலம் 29 முதல் 30 மி.மீ., நீளம் 72 மி.மீ. அளவில் இருக்கும். ஒட்டும் வெள்ளை வளையம். தலைமுடி உலர்த்தும் டிரையர். பிளாஸ்டிக் முனையுள்ள ஏதாவது ஒரு கருவி. கோலாலம்பூரில் என்றால் புடு ஜாலான் பாசாரில் எலக்ட்ரானிக் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, உறையும் மீட்டரும் அங்கே தேடலாம். 21700க்கு 18650 உறை ஏறாது. 21700 உறையை 18650க்குப் போட்டால் முழுசாகச் சுருங்காமல் சுருக்கம் விழும், அந்தச் சுருக்கத்தில்தான் அடுத்த கிழிசல் தொடங்கும்.

மேசையைத் துடைத்து, உலோகப் பொருள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மோதிரம், வளையல், கைச்சங்கிலி கழற்றுங்கள். ஒரு சமயத்தில் ஒரே ஒரு செல்தான் மேசையில் இருக்க வேண்டும்.

1. பழைய உறையில் அச்சிட்டிருக்கும் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுங்கள். உறை போனால் அடையாளமும் போகும்.

2. அடிப்பக்கத்திலிருந்து உரியுங்கள். அடி எதிர்முனைதான், உருளையும் எதிர்முனைதான், அங்கே வழுக்கினாலும் ஷார்ட் ஆகாது. மேலிருந்து கத்தியை விடாதீர்கள். கத்தி வேண்டவே வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நகத்தால் ஒரு விளிம்பைத் தூக்கிச் சுருளாக உரித்தால் வந்துவிடும்.

3. உறை போன செல் இப்போது அம்மணமாக இருக்கிறது. உலர்ந்த துணியின் மேல் வையுங்கள். நெளிவு, துரு, ஈரம் இருக்கிறதா என்று முழுசாகச் சுற்றிப் பாருங்கள். உறைக்கு அடியில் ஒளிந்திருந்த நெளிவு இங்கேதான் வெளிவரும். உருளையில் பொறித்திருக்கும் எழுத்துகள் மேலுறையில் இருந்த பெயரோடு பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள்.

4. பழைய வெள்ளை வளையம் கசங்கியிருந்தால் எடுத்துவிட்டுப் புதியது ஒட்டுங்கள். வளையம் நேர்முனை மூடியைச் சுற்றிச் சரியாக உட்கார்ந்து, உருளை விளிம்பை மூட வேண்டும். வாயுத் திறப்புகளை அடைக்கக் கூடாது. வளையம் இல்லாமல் உறை மட்டும் போடுவது அரைவேலை.

5. உறைக்குள் செல்லை மேலிருந்து கீழாக இறக்குங்கள். மேலேயும் கீழேயும் ஏறக்குறைய சம அளவு நீட்டிக்கொண்டிருக்கட்டும். மேல்பக்கம் ஒரு துளி கூடுதலாக இருந்தால் நல்லது.

6. டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளி வைத்து, செல்லை உருட்டிக்கொண்டே காட்டுங்கள். முதலில் மேல்முனை. உறை வளையத்தின் மேல் மடிந்து பிடிக்கும்வரை, பிறகு அடி, கடைசியில் நடு. மொத்தம் ஒரு நிமிடத்துக்குள் முடியும் வேலை. ஒரே இடத்தில் காட்டிக்கொண்டே நிற்க வேண்டாம். செல் கையில் பிடிக்கும் சூட்டைத் தாண்டினால் நிறுத்தி ஆறவிடுங்கள். லைட்டர், அடுப்பு, வெந்நீர் எதுவும் வேண்டாம்.

7. ஆறியதும் மேல்முனையைப் பாருங்கள். வளையத்தின் வெளிவிளிம்பு சுற்றிலும் உறைக்கு அடியில் போயிருக்க வேண்டும். உலோகம் ஒரு கோடாகத் தெரிந்தாலும் உரித்து மறுபடியும் போடுங்கள். பிறகு மேலே சொன்ன மல்டிமீட்டர் சோதனை.

8. அழியாத பேனாவால் உறையில் மாடலும் தேதியும் எழுதுங்கள்.

ஒளி ஊடுருவும் உறை கிடைத்தால் நாங்கள் அதையே எடுப்போம். உருளையில் பொறித்த எழுத்தும் துருவும் நெளிவும் எப்போதும் கண்ணில் படும்.

புது உறை சில நாளில் அதே இடத்தில் கிழிந்தால் கோளாறு செல்லில் இல்லை. கருவியின் பேட்டரி அறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தகட்டின் ஓரம் பிசிறாக இருக்கும், திருகு தலை தூக்கியிருக்கும், அல்லது அறையே இறுக்கமாக இருக்கும். பேட்டரியை வெளியே எடுக்கும் நாடா அறுந்துபோய் நகத்தாலோ திருப்புளியாலோ நெம்புகிறீர்கள் என்றால் காரணம் அதுவே. புதிய நாடா ஒட்டுங்கள். சார்ஜரில் தண்டவாளம்போல நகரும் தகடும் உறையைச் சுரண்டும். செல்லை அதில் தேய்த்துத் தள்ளாமல், தகட்டை இழுத்துப் பிடித்துச் செல்லை வைத்துவிட்டு மெல்ல விடுங்கள்.

பொத்தானை அழுத்தாமலே காயில் எரிகிறது

காயில் என்பது திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள். மெக்கானிக்கல் மோடில், அதாவது சிப் இல்லாத வெறும் குழாய்க் கருவியில், இது வந்தால் முதல் சந்தேகம் உறை மேல்தான். நேர்முனை மேலே பார்த்தபடி செல்லைப் போட்டால், குழாய் உடல் எதிர்முனையோடு சேர்வது அடியிலுள்ள பொத்தானை அழுத்தும்போதுதான். பக்கவாட்டில் உறை கிழிந்து உருளை குழாயைத் தொட்டால் பொத்தானுக்கு வேலையே இல்லாமல் சுற்று மூடிக்கொள்கிறது. செல்லைத் தலைகீழாகப் போட்டிருந்தால் இன்னும் மோசம். அப்போது பொத்தானை அழுத்தியதும் குழாய் நேர்முனையாகிவிடும், கிழிந்த இடத்தில் நேரடி ஷார்ட்.

எரியத் தொடங்கினால் டாங்கை (காயிலும் திரவமும் இருக்கும் மேல்பகுதி) திருகிக் கழற்றுங்கள், கையில் பிடிக்க முடிந்தால் மட்டும். பிறகு செல்லை எடுத்து உறையைச் சோதியுங்கள். உறை நன்றாக இருந்தால் பொத்தானின் சுருள் சோர்ந்திருக்கும், அல்லது பொத்தான் அழுக்கில் சிக்கியிருக்கும்.

ஹைபிரிட் மூடியுள்ள மெக்கானிக்கல் மோடில் டாங்கின் நடு ஊசி நேராக செல்லின் நேர்முனையைத் தொடும். அந்த ஊசி சுற்றியுள்ள மரையைவிடத் தெளிவாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சமமாக இருந்தால் மரையே நேர்முனையில் உட்காரும், மரையோ எதிர்முனை. இத்தகைய மோடில் நீளாத ஊசியுள்ள டாங்கை ஒருபோதும் போடாதீர்கள். காப்புச் சிப் இல்லாத கருவி இது. கணக்கும் நீங்களே போட வேண்டும். 4.2 வோல்ட்டை 0.2 ஓமால் வகுத்தால் 21 ஆம்ப். 0.15 ஓம் காயில் என்றால் 28 ஆம்ப். சாம்சங் 25ஆர் போன்ற செல்லின் தொடர் வரம்பு 20 ஆம்ப்தான். புதிதாகத் தொடங்குகிறவர் கையில் மெக்கானிக்கல் மோடு போகக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

திரையில் 'செக் பேட்டரி', 'வீக் பேட்டரி'

முதலில் செல்களை வெளியே எடுத்து ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்து பாருங்கள். 3.7 வோல்ட் இருந்தும் அதிக வாட்டில் மட்டும் 'வீக்' என்று வந்தால் செல் சுமையில் தொய்கிறது. பழையதாகி உள்தடை ஏறியிருக்கும், அல்லது நீங்கள் கேட்கும் ஆம்ப் அதற்குத் தாங்காது. சிப் உள்ள கருவியில் கணக்கு வேறு: ஒற்றைச் செல்லில் 60 வாட் கேட்டால், செல் 3.2 வோல்ட்டுக்கு இறங்கும் நேரத்தில், கருவியின் விரயத்தையும் சேர்த்துச் சுமார் 21 ஆம்ப் இழுக்கும். வாட்டைக் குறையுங்கள் அல்லது இரட்டைச் செல் கருவிக்குப் போங்கள்.

செல் நன்றாக இருந்தும் செய்தி வந்தால் தொடுமுனைகளைத் துடையுங்கள். ஒழுகிய வேப் திரவம் காய்ந்து படலமாகியிருக்கும். செல்களை எடுத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் போடுங்கள். 'அட்டமைசர் ஷார்ட்' என்று வந்தால் அது டாங்க் அல்லது காயில் சம்பந்தப்பட்ட விஷயம், வேறு டாங்க் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

'செக் பேட்டரி' இரட்டைச் செல் கருவியில் வந்தால் இரண்டு செல்லும் ஒரே அளவில் இல்லாமலும் இருக்கலாம். ஒன்று 3.9, மற்றொன்று 3.5 காட்டினால் ஜோடி பிரிந்துவிட்டது. புதிதாக வாங்கும் நாளிலேயே ஒரே மாடலில் இரண்டு வாங்கி, உறையில் 'அ1', 'அ2' என்று எழுதி, எப்போதும் சேர்த்தே பயன்படுத்தி, சேர்த்தே சார்ஜ் செய்யுங்கள். ஒன்று கெட்டால் இரண்டையும் தொடர் இணைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். நண்பரிடம் ஒரு செல் கடன் வாங்கி ஜோடி சேர்ப்பது, பலவீனமான செல்லைத் தலைகீழாகக் காலியாக்கும் வேலை.

சார்ஜரில் ஏறவில்லை, அல்லது ஏறிக்கொண்டே இருக்கிறது

செல் மீட்டரில் 0 காட்டினால் உள்ளே அழுத்தம் ஏறி, நேர்முனை மூடிக்குக் கீழுள்ள துண்டிப்பான் விலகியிருக்கலாம். அது தன் கடமையைச் செய்துவிட்டது. அந்த செல் முடிந்தது. 2 வோல்ட்டுக்குக் கீழே நாட்கணக்கில் கிடந்த செல்லையும் 'எழுப்ப' வேண்டாம். அவ்வளவு காலியாகும்போது உள்ளிருக்கும் தாமிரத் தகடு கரையும், சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் சவ்வைத் துளைத்துப் படியும்.

பச்சை விளக்கு வராமல் இரவெல்லாம் ஓடினால், அல்லது சார்ஜ் ஏறும்போது செல் வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட்டால் நிறுத்துங்கள். முடிந்ததும் அளந்தால் 4.20க்கு ஒட்டி நிற்க வேண்டும். 4.25க்கு மேல் போனால் சார்ஜரைத் தூக்கிப் போடுங்கள். 2500 முதல் 3000 மில்லி ஆம்ப் மணி செல்லுக்கு 1 ஆம்ப் சார்ஜ் போதும், அவசரப்பட ஒன்றுமில்லை. பயன்படுத்திச் சூடாக இருக்கும் செல்லை ஆறவிட்டுப் போடுங்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது என்றே செல் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

நம் ஊரில் இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு: பேனா முனையால் எர்த் ஓட்டையை அழுத்தித் திறந்து இரண்டு முனை பிளக்கைச் செருகுவது. பிளக் தளர்ந்து பொறி பறக்கும், விரலும் மாட்டும். ஒழுங்கான மூன்று முனை பிளக் வாங்குங்கள். சார்ஜரை டைல்ஸ் மேலோ பீங்கான் தட்டின் மேலோ வையுங்கள், கட்டிலின் மேல் வேண்டாம், தூங்கும் நேரத்திலும் வேண்டாம்.

சார்ஜ் நிற்காமல் தானாகக் குறைகிறதா? முழுசாக ஏற்றி, ஒரு மணி நேரம் கழித்து அளந்து எழுதுங்கள். ஒரு வாரம் பெட்டியில் வைத்து மறுபடியும் அளந்து பாருங்கள். ஆரோக்கியமான செல் சில நூறில் ஒரு பங்கு வோல்ட்தான் இழக்கும். 4.0க்குக் கீழே இறங்கினால் உள்ளே கசிவு, அதை விட்டுவிடுங்கள்.

இனிப்பு வாசனை, ஈரம்

நகப்பூச்சு நீக்கியைப் போன்ற இனிப்பான வாசனை பேட்டரி அறையிலிருந்து வந்தால் அது வேப் திரவமாக இருக்காது, செல்லின் மின்பகு திரவமாக இருக்கலாம். வெறும் கையால் தொடாமல், மூக்கருகே கொண்டுபோகாமல், கருவியை வெளியே வைத்து, கையுறை போட்டு செல்லை எடுங்கள். சோதனைக்கு எதுவும் மிச்சமில்லை, நேராக அப்புறப்படுத்துங்கள். கையில் பட்டால் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

மூடிய பாட், ஒருமுறைக் கருவி உப்பினால்

உடல் பிளந்தாலோ, திரை தூக்கினாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ உள்ளிருக்கும் பை வகைப் பேட்டரி உப்பியிருக்கிறது. குத்தி வாயுவை வெளியேற்றும் யோசனை வேண்டாம். சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள். இதற்கு வீட்டில் பழுது பார்க்கும் வழி கிடையாது. 2022 முதல் மலேசியாவில் வேப் கருவிகளுக்கு சிரிம் (தரச் சான்று நிறுவனம்) சான்று கட்டாயம். முத்திரை இல்லாத கருவியை மலிவுக்காக வாங்க வேண்டாம்.

பையிலும் வண்டியிலும்

உதிரி செல் பிளாஸ்டிக் பெட்டியில்தான் இருக்க வேண்டும். சாவிக்கொத்து, 20 சென், 50 சென் நாணயங்கள் இருக்கும் பையில் உறை நன்றாக உள்ள செல்கூட ஆபத்து, ஏனென்றால் நேர்முனையும் மேல்விளிம்பும் அவ்வளவு நெருக்கம். வேட்டி மடிப்பில் செருகுவதும் அப்படித்தான். மோட்டார் சீட்டுக்கு அடியிலும், நண்பகல் வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்குக் கீழும் வைக்காதீர்கள். காருக்குள் 60 டிகிரியைத் தாண்டலாம். விமானத்துக்கு உதிரி செல்லையும் கருவியையும் கைப்பையில் கொண்டுபோகுங்கள், ஏற்றும் பெட்டியில் போடக்கூடாது.

புது செல் வாங்கும்போது

சாம்சங், எல்ஜி, முராட்டா, மோலிசெல் போன்றவை உண்மையில் செல் தயாரிப்பவை. வேறு பல பெயர்கள், யாரோ செய்த செல்லுக்குப் புது உறை போட்டு விற்பவை. 18650 உறையில் 5000, 9900 மில்லி ஆம்ப் மணி என்று அச்சிட்டிருந்தால் பொய். அதிக ஆம்ப் தரும் நேர்மையான 18650 செல்கள் பெரும்பாலும் 2500 முதல் 3000 வரைதான். சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்: நல்ல செல் 45 முதல் 48 கிராம் வரை இருக்கும். 35 கிராம் காட்டினால் உள்ளே சின்னச் செல்லோ வெற்றிடமோ இருக்கிறது. 2021 ஜனவரியில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், தனியாக விற்கும் 18650 செல்களை வாங்க வேண்டாம் என்றே எச்சரித்தது. தயாரிப்பாளர்கள் அவற்றைக் காப்புச் சுற்றுள்ள பேட்டரித் தொகுதிகளுக்காகச் செய்கிறார்கள், சில்லறை விற்பனைக்காக அல்ல. அதை அறிந்தே பயன்படுத்துகிறவர், குறைந்தபட்சம் எங்கிருந்து வந்த செல் என்று சொல்லக்கூடிய கடையில் வாங்குங்கள். இரவுச் சந்தையில் குவித்து வைத்திருப்பதை விட்டுவிடுங்கள்.

தூக்கிப் போடுவது

குப்பைப் பையிலும் போடக்கூடாது, மறுசுழற்சிப் பையிலும் போடக்கூடாது. கோலாலம்பூரில் 2015 செப்டம்பரிலும் பினாங்கில் 2016 ஜூனிலும் குப்பையைத் தரம் பிரிப்பது கட்டாயமானது. பிரித்துப் போட்ட பையும் லாரியில்தான் நசுங்குகிறது. நசுங்கும் செல் லாரிக்குள் பற்றும், அதில் வேலை செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காலியாக்கும் முறையும் வேண்டாம், முனைகள் அரித்து வாயு கிளம்பும்.

இரண்டு முனையையும் இன்சுலேஷன் டேப்பால் மூடுங்கள், நேர்முனையை முதலில். ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் போட்டு, உலர்ந்த மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். சுற்றுச்சூழல் துறை ஏற்றுக்கொண்ட மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுக்கும்போது 'சேதமான லித்தியம் பேட்டரி' என்று சொல்லிக் கையில் கொடுங்கள். கவனிக்க ஆளில்லாத பெட்டிக்குள் போட்டுவிட்டு வர வேண்டாம்.